மங்களம் பாடினால் கிளம்ப வேண்டும்

பரீட்சை ஹாலில் மேற்பார்வைக்கு நின்றே பாதி ஆயுசைக் கழித்தவன் நான். நீடாமங்கலத்தில் வீடு, பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியார் வேலை. ஹாலில் திருதிருவென்று முழிக்கிற பையனை நான் கண்டுகொள்வதே இல்லை. அவனுக்கு ஒன்றும் தெரியாது, பாவம், அவனால் யாருக்கும் ஆபத்தில்லை. தலையைக் குனிந்துகொண்டு அமைதியாக எழுதுகிறானே, அவன் பக்கத்தில் போய்த்தான் நிற்பேன். இந்தப் புத்தி பள்ளிக்கூட வாசலோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மனைவி கேட்காமலே மூன்றாவது தோசையைத் தட்டில் போட்டால், "உங்க அண்ணன் வர்றாரா?" என்று கேட்பேன். பல நாள் அவர் வரத்தான் செய்வார் என்பது வேறு விஷயம்.

அதனால், ஒரு நாள் காலையில் மனைவி செல்போனை என் மூக்குக்கு நேரே நீட்டி, தஞ்சாவூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் பாட்டுக் கூட்டம் நடக்கிறது, ஆட்டிசம் உள்ளவர்கள், இல்லாதவர்கள், பாடத் தெரிந்தவர்கள், தெரியாதவர்கள் யாரும் வரலாம், இலவசம் என்று படித்துக் காட்டியபோது நான் கேட்ட முதல் கேள்வி, "சரி, என்ன விக்கிறாங்க?"

"ஒண்ணும் விக்கலைங்க. பாட்டு."

"தஞ்சாவூர்ல பாட்டை ஓசியில குடுக்கறாங்கன்னா பின்னாடி என்னமோ இருக்கு. இன்சூரன்ஸ், இல்லாட்டி மூட்டுவலித் தைலம்."

"உங்களைக் கூப்பிடலை. உங்க தங்கச்சிக்குச் சொன்னேன்."

என் தங்கைக்கு நாற்பது தாண்டிவிட்டது. எங்களோடுதான் இருக்கிறாள். சின்ன வயதில் அவளைப் பார்த்த டாக்டர்கள் ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். ஆட்டிசம் என்ற பெயர் வந்து சேர்ந்தபோது அவளுக்குத் தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. பேச்சு குறைவு. பேசினால் அது தீர்ப்பு. வாசலில் யார் செருப்பைக் கழற்றிப் போட்டாலும், போகும்போது மாட்டிக்கொள்ள வசதியாகத் தெருவைப் பார்த்துத் திருப்பி வைத்துவிடுவாள். பாட்டென்றால் உயிர். கைதட்டல்தான் ஆகாது. பத்துப் பேர் சேர்ந்து தட்டினால் காதைப் பொத்திக்கொண்டு கத்திவிடுவாள்.

அந்தக் கத்தலால் நாங்கள் இழந்த இடங்கள் கொஞ்சமல்ல. பஜனைக் குழு, பக்கத்துத் தெருப் பாட்டு வகுப்பு, யோகா மையம். யாரும் ஒருநாளும் வராதே என்று சொன்னதில்லை. நம் ஊரில் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ரொம்ப மரியாதையாக, "நாங்களே சொல்லி அனுப்புறோம் சார்" என்பார்கள். அதோடு சரி. ஆனால் தங்கைக்கு அது புரியாது. சொல்லி அனுப்புவார்கள் என்றால் அனுப்புவார்கள் என்றுதான் அர்த்தம். பஜனை நாள் வந்தால் புடவை மாற்றிக்கொண்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல் கேட்டைப் பிடித்தபடி நிற்பாள். இருட்டும்வரை நிற்பாள். அடுத்த வாரமும் நிற்பாள். எனக்குத் தைலம் விற்பவர்கள் மேல் ஒன்றும் பகையில்லை. இந்தக் கேட்டடி நிற்றலை இன்னொரு தடவை பார்க்கத்தான் தெம்பில்லை.

அவளைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். கச்சேரியின் கடைசியில் மங்களம் பாடுவார்கள், எல்லோரும் எழுந்து செருப்பைத் தேடுவார்கள். இது நம் எல்லோருக்கும் பழக்கம். என் தங்கைக்கு இது சட்டம். மங்களம் காதில் விழுந்தால் நடப்பது எதுவானாலும் முடிந்துவிட்டது, கிளம்ப வேண்டும். ஒருமுறை நான் குளிக்கும்போது வாய் தவறி மங்களத்தை முனகிவிட்டேன். வெளியே வந்தால் மோட்டாரை நிறுத்தி, விளக்கை அணைத்து, டிவியையும் நிறுத்திவிட்டாள். மனைவியின் சீரியலில் தாலி கட்டுகிற நேரம். அன்று எனக்குக் காபி கிடைக்கவில்லை.

ஆனால் இதில் உள்ள சௌகரியம் எனக்குச் சீக்கிரமே புரிந்தது. என் சித்தப்பா மகன் ஒருவர் இருக்கிறார். பட்டா, சிட்டா, அடங்கல் என்று ஆரம்பித்தால் ஜமாபந்தி வரைக்கும் போய்த்தான் நிறுத்துவார். ஒருநாள் அவர் அடங்கலில் இருக்கும்போது நான் கூரையைப் பார்த்துக்கொண்டு மங்களத்தின் முதல் வரியை மெல்ல முனகினேன். தங்கை எழுந்தாள். அவருடைய குடையை எடுத்து அவர் மடியில் வைத்தாள். ஃபேனை நிறுத்தினாள்.

"என்னண்ணே, தங்கச்சி என்னமோ சொல்லுது?" என்றார்.

"மழை வருமாம்" என்றேன். சித்திரை மாதம்.

*

உளவு பார்க்கும் எண்ணத்தோடுதான் முதல் ஞாயிறு தங்கையைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் கூட்டம். முந்தின நாள் கல்யாணத்து ரச வாசனை இன்னும் போகவில்லை. தரையில் ஜமக்காளம் வட்டமாக விரித்திருந்தது. நடத்துகிறவர் பட்டுக்கோட்டைப் பெண்மணி. ஸ்கூட்டரில் முன்னால் ஒரு மிருதங்கம், பின்னால் ஒரு கூடை டப்பா என்று வந்து இறங்கினார். எல்லோரும் அவரை டீச்சர் என்றார்கள்.

என்னிடம் கையெழுத்துக் கேட்கவில்லை, போன் நம்பர் கேட்கவில்லை, போட்டோ எடுக்கவில்லை. சந்தேகம் இரண்டு மடங்காயிற்று. நான் ஒரு தூணோரம் போய், யார் முகத்தையும் பார்க்காமல், விறைப்பாக உட்கார்ந்து ஓரக்கண்ணால் கவனித்துக்கொண்டிருந்தேன். டீச்சர் பக்கத்தில் வந்து குந்தினார். ரொம்ப மெதுவாக, கனிவாகப் பேசினார்.

"அவசரமே இல்லைங்க. தூண்கிட்டயே இருக்கலாம். சத்தம் கஷ்டமா இருந்தா இதை மாட்டிக்குங்க" என்று காதை மூடுகிற பெரிய கருவி ஒன்றை என் கையில் வைத்தார்.

"நான் கூட வந்தவன். அவளோட அண்ணன். வாத்தியார்" என்றேன்.

"அதுனால என்ன சார், வாத்தியாருங்களும் நிறைய பேர் வர்றாங்க."

மறுப்பதற்குள் எழுந்து போய்விட்டார். சும்மா சோதித்துப் பார்க்கலாமே என்று மாட்டினேன். ஸ்டாஃப் ரூமுக்கு இப்படி ஒன்று இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்தபடி அரைமணி நேரம் கழற்றவில்லை. உளவு பார்க்க வந்தவன் காதை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது எனக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

அங்கே வேடிக்கை பார்க்க யாருக்கும் அனுமதியில்லை. வந்த எல்லோர் கையிலும் ஒன்று இருக்க வேண்டும். கஞ்சிரா, தாளம், ஒன்றுமில்லாவிட்டால் பவுடர் டப்பாவில் கொஞ்சம் நெல்லைப் போட்டு மூடியது. என் கைக்கு டப்பாதான் வந்தது. குலுக்கினால் சத்தமே வரவில்லை. பக்கத்தில் இருந்தவர் டப்பா சலசலவென்று கேட்டது. என்னுடையது மட்டும் ஈரத்துணியை உதறுகிற மாதிரி ஒரு முனகல். எனக்குத் தாளம் நிற்காது என்பது வம்சம் அறிந்த விஷயம். ஆனால் அது பட்டுக்கோட்டை வரை எப்படிப் போயிற்று என்று யோசித்தேன். பாராட்டும்போது கைதட்டாமல் இரண்டு கையையும் மேலே தூக்கி ஆட்டினார்கள். முதலில் பார்த்தபோது எல்லோரும் ஏதோ போலீஸில் சரணடைகிறார்கள் என்று நினைத்தேன்.

சுருதிப் பெட்டிக்கு ஒரு முறை வைத்திருந்தார்கள். அதன் சுவிட்ச் வாரம் ஒருவர் வசம். அவர் சுருதியை நிறுத்தினால் யார் பாடினாலும், எவ்வளவு உருகிப் பாடினாலும் அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது. மறுபடி போட்டால் மறுபடி பாட்டு. பாட்டு பொறுக்காதவர்கள் கத்துவதற்குப் பதில் ஒரு சுவிட்ச். இதை யோசித்தவர் மேல் எனக்கு மரியாதை வந்துவிடும் போல இருந்தது. ஜாக்கிரதையாக அதை அடக்கிக்கொண்டேன்.

மூன்றாம் வாரம் சுவிட்ச் தங்கையிடம் வந்தது. பிறகு யாரும் அதைத் திருப்பிக் கேட்கவில்லை. அவள் தந்ததாகவும் தெரியவில்லை. மிருதங்கம் வாசிக்கும் இளைஞர், அவரும் ஆட்டிசம் உள்ளவர்தான், ஒரு வார்த்தை பேச மாட்டார், ஆனால் யார் எப்போது வாசிக்க வேண்டும் என்பதை அங்கே முடிவு செய்வது அவர்தான், தன் இடத்தைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டு அவளுக்கு எதிரே உட்கார ஆரம்பித்தார். அவள் ஒருநாளும் அங்கே கத்தவில்லை என்று சொல்ல மாட்டேன். ஒருநாள் வெளியே யாரோ வெடி போட்டபோது கத்தினாள். எல்லோரும் நிறுத்தினார்கள், காத்திருந்தார்கள், தொடர்ந்தார்கள். அன்று கிளம்பும்போது டீச்சர் என் அருகில் வந்தார். சொல்லி அனுப்புகிறோம் என்ற வாக்கியத்துக்காக நான் தயாராக நின்றேன். "சார், டப்பா மூடி கழண்டு கிடக்கு, நெல்லு கொட்டுது பாருங்க" என்றார்.

ஒவ்வொரு வாரமும் அந்த வாக்கியத்துக்காகக் காத்திருந்தேன். வராதது நிம்மதியாக இல்லை. பரீட்சை ஹாலில் அமைதியாக எழுதுகிறவன் ஞாபகம்தான் வந்தது.

*

பிறகு ஒரு ஞாயிறு டீச்சர் சொன்னார்: "அடுத்த வாரம் ஒருத்தர் நம்மளைப் பார்க்க வர்றாங்க. அவங்க வர்ற வரைக்கும் கொஞ்ச நேரம் சேர்த்து இருக்கணும்."

யார் என்று சொல்லவில்லை. எனக்கு எல்லாம் பளிச்சென்று விளங்கிவிட்டது. அதுதானே பார்த்தேன். இத்தனை நாள் சும்மா சோறு போட்டு வளர்த்தது இதற்குத்தான். யாரோ பெரிய மனிதர் வருவார், மாலை மரியாதை நடக்கும், மைக் பிடிப்பார், இவர்களை வரிசையாக நிறுத்திப் போட்டோ எடுப்பார்கள், என் தங்கை காதைப் பொத்திக்கொண்டு நிற்கும் படம் மறுநாள் நூறு போனில் ஓடும். கூட்டத்தில் வந்தவர்கள் பழக்க தோஷத்தில் கைதட்டுவார்கள். அவள் கத்துவாள். பிறகு, நாங்களே சொல்லி அனுப்புகிறோம்.

மறு ஞாயிறு நான் தடயங்களைச் சேகரித்தேன். ஜமக்காளத்துக்கு எதிரே என்றும் இல்லாத ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. டீச்சரின் பையில் மடித்த சால்வை போல ஒன்று எட்டிப் பார்த்தது. டீச்சர் புடவைகூட இஸ்திரி போட்டது. வழக்கமாக முடியும் நேரம் ஆகிவிட்டது. விருந்தாளி வரவில்லை. டீச்சர் போனில் பேசிவிட்டு வந்து, "நீடாமங்கலம் கேட்டுல மாட்டிக்கிட்டாங்களாம். கூட்ஸ் நிக்குதாம்" என்றார்.

எங்கள் ஊர் ரயில்வே கேட்டைப் பற்றி எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அது மூடினால் வரிசையில் நிற்கிறவர்கள் சம்பந்தம் பேசி முடித்துவிடலாம். தங்கை சுவிட்சைப் பிடித்தபடி முன்னும் பின்னும் ஆட ஆரம்பித்தாள். நேரம் தவறினால் அவளுக்கு ஆகாது. என்னைப் பார்த்தாள். பையைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள்.

அவளை எழுப்பிக் கூட்டிப் போனால் ரகளை. பாட்டு முடியாமல் அவள் எழ மாட்டாள். ஆனால் முடித்துவைக்க எனக்கு வழி தெரியும். தூணோரம் நகர்ந்தேன். வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, அவளுக்கு மட்டும் கேட்கும்படி மங்களத்தின் முதல் வரியை முனகினேன்.

தங்கை சுருதியை நிறுத்தினாள். எழுந்தாள். பையை மாட்டினாள்.

நான் கணக்குப் போடத் தவறியது ஒன்று. சட்டம் என் தங்கைக்கு மட்டும் சட்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மிருதங்கக்காரர் வாத்தியத்தை உறையில் போட்டார். எதிரே இருந்த பெரியவர், அவருடைய மகள், கஞ்சிரா வாசிக்கும் அக்கா, எல்லோரும் எழுந்தார்கள். யாரோ என் முனகலைப் பிடித்துக்கொண்டு மங்களத்தை முழுசாகப் பாடினார்கள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். நல்ல சுத்தமாகவே இருந்தது. டப்பாக்கள் கூடைக்குப் போயின. பெற்றவர்களும் யோசிக்காமல் செருப்பு மாட்டினார்கள். மங்களம் பாடிய பிறகு தஞ்சாவூர்க்காரன் எவன் உட்கார்ந்திருக்கிறான்? டீச்சர் நடுவில் நின்று, "இருங்க, இருங்க, யாரு பாடினது? இன்னும் முடியலை" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஜன்னலுக்கு வெளியே இருந்த தென்னை மரத்தில் காய் எத்தனை என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சற்று நேரத்தில் கூடத்தில் நாற்காலி மட்டும் இருந்தது.

பஸ்ஸில் எனக்குப் பெருமை தாங்கவில்லை. வழியில் கேட்டு திறந்திருந்தது. எதிரே ஒரு வெள்ளைக் கார் அவசரமாகத் தஞ்சாவூர்ப் பக்கம் போயிற்று.

வீட்டில் மனைவி, "அதுக்குள்ள வந்துட்டீங்க? மில்காரர் வந்தாரா?" என்றாள்.

"எந்த மில்காரர்?"

"திருவாரூர் பக்கம் ரைஸ்மில் வச்சிருக்காரே. மண்டபம் அவரோடதுதானே. கல்யாணத்துக்கு மண்டபம் பாக்க வந்த பொண்ணு வீட்டுக்காரங்க சத்தத்தைக் கேட்டுட்டு, இது என்ன இடம்னு கேட்டாங்களாம். நானே நேர்ல பாத்துட்டுச் சொல்றேன், பிடிக்கலைன்னா சாவியை வாங்கிடுவேன்னு சொன்னாராம். டீச்சர் போன வாரமே எனக்குப் போன் பண்ணினாங்க."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"மத்தவங்களுக்குத் தெரிஞ்சா வாரம் பூரா அதே நெனப்பா இருப்பாங்கன்னு டீச்சர் சொன்னாங்க. உங்ககிட்ட நான்தான் சொல்லலை. சொன்னா மில்காரர் எந்த ஊரு, என்ன வியாபாரம்னு விசாரிக்கக் கிளம்பிடுவீங்க."

நான் நடந்ததைச் சொன்னேன். மனைவி என்னைத் திட்டவில்லை. அடுப்படிக்குப் போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலை. அந்தப் பக்கம் தங்கை என் செருப்பைத் தெருவைப் பார்த்துத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தாள். வாசல் கேட்டை அவள் பிடித்துக்கொண்டு நிற்கப் போகிற ஞாயிறுகள் வரிசையாக என் கண்ணில் தெரிந்தன. இந்தத் தடவை சொல்லி அனுப்ப ஆளே தேவையில்லை. கைங்கரியம் என்னுடையது.

*

அந்த வாரம் முழுக்க டீச்சரிடமிருந்து போன் வரவில்லை. நானும் போடவில்லை. ஞாயிறு மதியம் தங்கை பையோடு வாசலில் நின்றாள். மண்டபம் பூட்டியிருந்தால் அதையாவது அவள் கண்ணால் பார்க்கட்டும் என்று கூட்டிப் போனேன்.

கதவு திறந்திருந்தது. டீச்சர் என்னைப் பார்த்தார்.

"வாங்க சார். தொண்டை எப்படி இருக்கு?"

"என்ன சொன்னாரு அவரு?"

"கோவமாத்தான் வந்தாரு. யாரையும் காணுமேன்னாரு. மங்களம் பாடிட்டாங்க சார், கிளம்பிட்டாங்கன்னேன். அப்புறம், 'பாடிட்டாங்கன்னா என்ன பண்றது, நான்தான் லேட்டு'ன்னுட்டுப் போயிட்டாரு. இன்னைக்கு நேரத்தோட வர்றேன்னிருக்காரு."

"அந்தச் சால்வை?"

"எந்தச் சால்வை? அது எங்க வீட்டு டவலு சார். மிருதங்கத்துக்குக் கீழ வைக்க."

இதை நான் முழுசாக நம்பவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

மில்காரர் சொன்னபடி வந்தார். வெள்ளை வேட்டி, கனத்த உடம்பு, முகத்தில் என்னிடம் இருக்கிற அதே பார்வை. எனக்கு உடனே அடையாளம் தெரிந்தது. மேற்பார்வைக்கு நிற்பவன் முகம். நாற்காலியில் உட்கார்ந்து சுவரில் கீறல் இருக்கிறதா, ஃபேன் ஓடுகிறதா என்று பார்த்தார். பாட்டு நடந்துகொண்டிருக்கும்போது அவர் போன் அடித்தது. எடுத்து, "நெல்லு இன்னைக்கு எறக்கலியா?" என்றார்.

தங்கை சுருதியை நிறுத்தினாள். எல்லோரும் நிறுத்தினார்கள். அத்தனை பேரும் அவரையே பார்த்தார்கள். கோபமாக அல்ல. சும்மா, காத்துக்கொண்டு. அவர் போனைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், அணைத்துப் பைக்குள் வைத்தார். தங்கை சுருதியைப் போட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்தார். "சரிம்மா, பாத்துட்டேன். நான் கிளம்பறேன்" என்று டீச்சரிடம் சொன்னார். பிடித்ததா இல்லையா என்று முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவர் வாயிலிருந்து வரப்போகிற அடுத்த வாக்கியம் எனக்கு மனப்பாடம்.

தங்கை எழுந்து போய் அவருக்கு முன்னால் நின்றாள்.

"மங்களம் பாடலை" என்றாள்.

அவர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் என்னைப் பார்த்தார். நான் இரண்டு உதட்டையும் பல்லால் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தேன்.

"பாடலைதான்" என்றார் மில்காரர், தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல. உட்கார்ந்தார். நாற்காலியில் இல்லை. தங்கை ஜமக்காளத்தைக் காட்டியதால் அதில், என் பக்கத்தில், முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக. அவர் கை சும்மா இருக்கக் கூடாது என்பதால் என் டப்பாவை அவரிடம் நீட்டினேன். என்னைவிட மோசமாக ஒருவர் வாசிப்பதைக் கேட்க எனக்கும் ஆசை இருந்தது.

அவர் ஒரு தடவை குலுக்கினார். நிறுத்தினார். காதோரம் வைத்து மறுபடி குலுக்கினார். மூடியைத் திறந்து ஒரு நெல்லை எடுத்துக் கடித்தார்.

"யாரும்மா இந்த நெல்லைப் போட்டது? காயவே இல்லை. இந்த ஈரப்பதத்துக்குக் கொள்முதல்லயே எடுக்க மாட்டான். இது எங்க சத்தம் குடுக்கும்?"

டீச்சர், "வீட்டுல இருந்ததைப் போட்டோம் சார்" என்றார்.

"மத்ததும் இப்படித்தானா? போன சம்பா நெல்லு நல்லா காய வச்சது இருக்கு. அடுத்த வாரம் கொண்டாறேன். எல்லாத்தையும் மாத்திடலாம்."

அடுத்த வாரம் என்று அவர் சொன்னது என் காதில் மட்டுமல்ல, மற்றவர்கள் காதிலும் விழுந்தது. டீச்சர் சட்டென்று குனிந்து கூடையில் எதையோ தேடினார். சாவியைப் பற்றி அன்று யாரும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை. மங்களம் பாடினார்கள். மில்காரரும் சேர்ந்து பாடினார், சுருதி கொஞ்சம் விலகித்தான். தங்கை பொறுத்துக்கொண்டாள். வாசலில் அவருடைய பெரிய செருப்பு தெருவைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

அடுத்த ஞாயிறு ஒரு சின்ன மூட்டை நெல் வந்தது. தங்கை கூடையைக் கவிழ்த்துப் போட்டு, ஒவ்வொரு டப்பாவாகப் பழைய நெல்லைக் கொட்டி, புதுசு போட்டு, மூடி, வட்டத்தில் இருந்த எல்லோருக்கும் கொடுத்தாள். எனக்கும் ஒன்று கொடுத்தாள். குலுக்கினேன். அதே ஈரத்துணி முனகல்; மூடியைத் திறந்தால் உள்ளே பழைய நெல்தான்.

இத்தனை நாளும் கூடையிலிருந்து டப்பாவை எடுத்து எனக்குக் கொடுத்தது யார் என்று அப்போதுதான் யோசித்தேன். நான் டீச்சரையே கண்காணித்துக்கொண்டிருந்துவிட்டேன். தங்கை தலையைக் குனிந்துகொண்டு, ரொம்ப அமைதியாக, சுருதியைப் போட்டாள்.